இறால், மீன் பண்ணை உரிமம் தாமதமாகிறதா? கோட்டைப்பட்டினம் கடலோர விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பகுதியில் கடலை ஒட்டிய உவர் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், நெல்லுக்கு ஆகாத இடத்தில் இறால் அல்லது மீன் வளர்க்கலாம் என்று விண்ணப்பம் போடுகிறார்கள். போட்ட பிறகு மாதக்கணக்கில் பதில் வருவதில்லை. சிலருக்கு "நிராகரிக்கப்பட்டது" என்று ஒரு வரிக் கடிதம் வருகிறது. அதை எதிர்த்து மனு கொடுத்தால் அதற்கும் பதில் இல்லை. இந்த நிலையில் விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விண்ணப்பம் நிலுவையில்தானே இருக்கிறது, குஞ்சு விட்டுவிடலாமா?"

விடக்கூடாது. ஏன் விடக்கூடாது, தாமதம் எங்கே ஏற்படுகிறது, எந்த நாளில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

உங்கள் பண்ணைக்கு உரிமம் தேவையா?

நாம் பேச்சில் லைசென்ஸ் என்கிறோம். சட்டத்தில் இதன் பெயர் "பதிவு". 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கடலோரப் பகுதியில் உவர் நீரில் இறாலோ மீனோ வளர்க்கும் ஒவ்வொருவரும் பண்ணையை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆணையத்தின் தலைமையிடம் சென்னை. பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

மூன்று விஷயங்களை முதலில் சரிபாருங்கள்.

1. தூரம்: கடல், ஆறு, கழிமுகம், உப்பங்கழி ஆகியவற்றின் உயர் அலைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உள்ள நிலம் இந்தச் சட்டத்தில் "கடலோரப் பகுதி". கடற்கரையை மட்டும் பார்த்து அளக்காதீர்கள். உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் கழிமுகம் இருந்தால் அதிலிருந்தும் அளக்க வேண்டும்.

2. தண்ணீர்: நன்னீர் மீன் வளர்ப்பு இந்தச் சட்டத்தில் வராது. மழைநீர் நிற்கும் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்க இந்த ஆணையத்தின் பதிவு வேண்டியதில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரித்தால் நன்னீர் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பரிசோதனை அறிக்கையோடு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

3. தடைப் பகுதி: உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இறால், மீன் வளர்ப்புக் குளம் அமைக்கக் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள ஓடை, ஆறு, உப்பங்கழியிலும் கூடாது. 2023 ஆகஸ்டில் வந்த சட்டத் திருத்தம் குஞ்சு பொரிப்பகம் போன்ற சிலவற்றுக்குத் தளர்வு தந்தது. வளர்ப்புக் குளத்துக்கு அந்தத் தளர்வு இல்லை.

இந்த மூன்றாவது விஷயம் மிக முக்கியம். நிலம் 200 மீட்டருக்குள் இருந்தால், எத்தனை முறை மேல்முறையீடு செய்தாலும் சட்டமே இடம் தராது. அந்த வழக்குக்குச் செலவழிக்கும் பணமும் நாளும் வீண். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தை வாங்கி, நில அளவரைக் கொண்டு தூரத்தை அளந்து பாருங்கள்.

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது?

1990களின் தொடக்கத்தில் தஞ்சை, நாகை கடலோரத்தில் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. குடிநீர்க் கிணறுகளும் நெல் வயல்களும் உப்பாகின்றன என்று மக்கள் போராடினார்கள். கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு விலக்கு இருந்தது. ஒரு ஆணையம் அமைக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்புக்கும் இப்போதைய சட்டத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அந்தக் காலம் முழுவதும் பண்ணைக்காரருக்கும் நிம்மதி இல்லை, பக்கத்து வயல்காரருக்கும் நிம்மதி இல்லை. முடிவு தள்ளிப்போனால் நஷ்டம் இரண்டு பக்கமும்தான் என்பதை நம் பகுதி அன்றே பார்த்துவிட்டது.

உங்கள் விண்ணப்பம் எந்தெந்த மேசைக்குப் போகிறது?

2005ஆம் ஆண்டு விதிகள் வகுத்த பாதை இது.

• விண்ணப்பம் முதலில் மாவட்ட அளவிலான குழுவுக்கு வரும். குழுவின் தலைவர் மாவட்ட ஆட்சியர். மீன்வளத்துறை அதிகாரி ஒருங்கிணைப்பார். வருவாய், வேளாண்மை, சுற்றுச்சூழல் துறைகளின் பிரதிநிதிகளும் இருப்பார்கள்.

• நீர்ப்பரப்பு 2 ஹெக்டேர் வரை (சுமார் 5 ஏக்கர்) என்றால் மாவட்டக் குழுவின் பரிந்துரை நேராகச் சென்னை ஆணையத்துக்குப் போகும்.

• 2 ஹெக்டேருக்கு மேல் என்றால் மாவட்டக் குழு ஆய்வு செய்து மாநிலக் குழுவுக்கு அனுப்பும். அங்கிருந்துதான் ஆணையத்துக்குப் போகும். ஒரு மேசை கூடுதல்.

2024இல் புதிய விதிகள் வந்துள்ளன. எனவே விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள படிவம், கட்டணம், பாதை ஆகியவற்றை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோப்பு தேங்குவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்:

1. பட்டா ஒருவர் பெயரிலும் அனுபவம் இன்னொருவர் பெயரிலும் இருப்பது. கூட்டுப்பட்டாவில் மற்ற பங்குதாரர் ஒப்புதல் இல்லாதது.

2. குத்தகைப் பத்திரம் பதிவு செய்யாமல் வெள்ளைத் தாளில் இருப்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும்.

3. இடத்தணிக்கைக்கு நாள் கிடைக்காதது. ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்துக்கு வண்டி போகாது. தணிக்கை தை மாதத்துக்குத் தள்ளிப்போகும். கோடையிலேயே விண்ணப்பித்தால் இந்தத் தொல்லை குறையும்.

4. பக்கத்து நிலத்தார் அல்லது மீனவர் தரப்பில் ஆட்சேபம் வந்து, அதன் மேல் யாரும் முடிவு எழுதாமல் இருப்பது.

முதல் இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை விண்ணப்பத்துக்கு முன்பே சரி செய்துவிட்டால், பிறகு தாமதத்துக்குக் காரணம் அலுவலகம்தான் என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியும்.

நிலுவையில் இருக்கும்போது குஞ்சு விட்டால் என்ன ஆகும்?

"விண்ணப்பித்துவிட்டால் பதில் வரும்வரை நடத்தலாம்" என்று சிலர் சொல்வார்கள். 2005 சட்டம் வந்தபோது ஏற்கெனவே பண்ணை நடத்தியவர்கள், 3 மாதத்துக்குள் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை தொடரலாம் என்று ஒரு சலுகை இருந்தது. இன்று புதிதாகக் குளம் வெட்டுபவருக்கு அது பொருந்தாது.

2023 திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு தண்டத்தொகை முறையைக் கொண்டுவந்தது. அதனால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பண்ணையை நிறுத்தவும், கட்டுமானத்தை அகற்றவும், குளத்தில் இருக்கும் இறாலை அழிக்கவும் அதிகாரம் உண்டு. வனாமி இறால் 100 முதல் 120 நாள் பயிர். 80ஆம் நாளில் இறாலை அழிக்கச் சொன்னால், தீவனக் கடன் மொத்தமும் உங்கள் தலையில்தான் விழும். வனாமிக்குப் பண்ணைப் பதிவோடு தனி அனுமதியும் வேண்டும். குஞ்சும் ஆணையத்தில் பதிவான பொரிப்பகத்திலிருந்துதான் வாங்க வேண்டும்.

தாமதத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆண்டுக் குத்தகை ரூ.60,000, 12 சதவீத வட்டியில் ரூ.4 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் பதில் வராவிட்டால் குத்தகை ரூ.30,000, வட்டி ரூ.24,000, ஆக ரூ.54,000 ஒரு இறால் கூடப் பிடிக்காமலே போய்விடும்.

இதைத் தவிர்க்க இரண்டு முன்னெச்சரிக்கைகள்:

• குத்தகைப் பத்திரத்தில் "பதிவுச் சான்று கிடைத்த நாள் முதல் முழுக் குத்தகை, அதுவரை இவ்வளவு முன்பணம் மட்டும்" என்று ஒரு வரி சேருங்கள். சான்று மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் முடியும் என்றும் எழுதுங்கள்.

• சான்று கையில் வரும்முன் குளம் வெட்டவோ, ஏரியேட்டர், பம்ப்செட் வாங்கவோ கடன் எடுக்காதீர்கள். வங்கியில் கடன் ஒப்புதலை மட்டும் வாங்கி வைத்து, பணத்தைப் பிறகு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

நிராகரித்தால் மேல்முறையீடு எங்கே?

இங்குதான் பலர் வழி தவறுகிறார்கள். ஒவ்வொரு உத்தரவுக்கும் கதவு வேறு.

*ஆணையம் பதிவை மறுத்தால்:* காரணத்தைப் பதிவு செய்யாமல் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று 13ஆம் பிரிவே சொல்கிறது. காரணம் இல்லாத கடிதம் வந்தால் முதல் வேலையாக "நிராகரிப்புக்கான காரணத்தின் நகல் வேண்டும்" என்று எழுதுங்கள். 2005 சட்டத்தில் பதிவு மறுப்பை எதிர்த்துப் போகத் தனி மேல்முறையீட்டு வாரியம் வைக்கப்படவில்லை. குறையைச் சரிசெய்து மறுபடி ஆணையத்தை அணுகுவது ஒரு வழி. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது இன்னொரு வழி. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு மதுரைக் கிளை.

*தண்டத்தொகை விதித்தால்:* உத்தரவில் மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதைப் பாருங்கள். இல்லையென்றால் அதை எழுத்தில் கேளுங்கள். உத்தரவு கையில் கிடைத்த தேதியை உறையோடு பாதுகாத்து வையுங்கள். கெடு பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

*மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவு மறுத்தால்:* 1974 நீர்ச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். மேல்முறையீட்டை "கூடிய விரைவில்" முடிக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. இத்தனை நாள் என்று கெடு இல்லை.

*பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?* பதிவு மறுப்புக்கு நேராக அங்கே போக முடியாது. தீர்ப்பாயத்தின் வரம்பில் உள்ள சட்டங்களின் அட்டவணையில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் இல்லை. நீர் மாசு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தொடர்பான பிரச்சினைகளுக்குத்தான் அந்தக் கதவு. அங்கே வரும் வழக்குகளை 6 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது.

மனுவுக்கும் பதில் இல்லையா? படிப்படியாக இப்படிச் செய்யுங்கள்

படி 1: நினைவூட்டல் கடிதம் (30ஆம் நாள்). விண்ணப்ப எண், தேதி, சர்வே எண், நீர்ப்பரப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "என் கோப்பு எந்த நிலையில் உள்ளது, என்னிடமிருந்து ஏதேனும் ஆவணம் தேவையா" என்று கேளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் என்றால் ஒப்புகை வசதியோடு அனுப்புங்கள். வாய்மொழியாக "வந்துடும், போங்க" என்ற பதில் நாளை எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

படி 2: குறைதீர் நாள் (60ஆம் நாள்). ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். மாவட்டக் குழுவின் தலைவரே ஆட்சியர் என்பதால் மனு சரியான இடத்துக்குத்தான் போகிறது. மனு எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். முதல்வரின் உதவி மையம் 1100 எண்ணிலும் பதிவு செய்யலாம்.

படி 3: தகவல் அறியும் உரிமை மனு (75ஆம் நாள்). கோப்பு மாவட்ட அளவில் இருந்தால் மீன்வளத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தமிழிலேயே எழுதலாம். கோப்பு சென்னை ஆணையத்தில் இருந்தால் அது மத்திய அமைப்பு என்பதால் ரூ.10க்கு அஞ்சல் ஆணை இணையுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்:

– என் விண்ணப்பம் பெறப்பட்ட நாள் முதல் இன்றுவரை எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது என்ற விவரம்.
– இடத்தணிக்கை அறிக்கையின் நகல்.
– கோப்பில் உள்ள குறிப்புப் பக்கங்களின் நகல்.
– என் நிலம் குறித்து வந்த ஆட்சேப மனுக்களின் நகல்.
– என் விண்ணப்பத்துக்குப் பிறகு மாவட்டக் குழு கூடிய தேதிகளும் கூட்டக் குறிப்புகளும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இரண்டாவது மேல்முறையீட்டை முடிக்கச் சட்டத்தில் கெடு இல்லை, அதுவும் தேங்கலாம். அதை நம்பிப் படி 4ஐத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: உயர் நீதிமன்றம். மேலே சொன்ன முத்திரையிட்ட நகல்கள் கையில் இருந்தால், "என் மனு மீது குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிட வேண்டும்" என்று ரிட் மனு தாக்கல் செய்யலாம். இப்படிப்பட்ட மனுக்களில் நீதிமன்றம் பொதுவாக இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லும். சான்று கொடு என்று சொல்லாது. அதனால் நிலத்தில் குறை இருந்தால் வேகமாக வருவது நிராகரிப்பாகவே இருக்கும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். உதவி எண் 15100.

மேலே சொன்ன 30, 60, 75 என்ற நாட்கள் என் ஆலோசனைக் கணக்கு. சட்டக் கெடு அல்ல. உங்கள் பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கெடு இருந்தாலும் தாமதம் உண்டு: அயர்லாந்து அனுபவம்

அயர்லாந்தில் மீன் பண்ணை உரிம மேல்முறையீட்டுக்கென்றே தனி வாரியம் இருக்கிறது. 4 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் பான்ட்ரி விரிகுடாவில் ஒரு சால்மன் பண்ணைக்கு 2011இல் விண்ணப்பம் போட்டார்கள். 2015இல் அமைச்சர் அனுமதித்தார். ஊர்க்காரர்கள் செய்த மேல்முறையீட்டில் வாரியம் முடிவு சொன்னது 2021இல்தான். 10 ஆண்டுகள் பண்ணையும் வரவில்லை, எதிர்த்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. சட்டத்தில் நாள் எழுதியிருப்பது மட்டும் போதாது. கோப்பை யாராவது தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்து வயல்காரர்களுக்கு

உங்கள் வயலுக்குப் பக்கத்தில் பண்ணை வரப்போகிறது, ஆட்சேபம் கொடுத்தும் பதில் இல்லை என்றால், மேலே சொன்ன நான்கு படிகளும் உங்களுக்கும் பொருந்தும். கூடவே ஒரு வேலை செய்யுங்கள். பண்ணை தொடங்கும் முன்பே உங்கள் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதித்து வையுங்கள்.

• ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை 10, 15 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கழுவிய சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் எடுங்கள்.
• தேதி, சர்வே எண், கிணற்றின் ஆழம் எழுதி ஒட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மாதிரி எடுக்கும் முறையில் சந்தேகம் இருந்தால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.
• மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை எடுங்கள்.

மண்ணின் உப்பு நிலை (மின் கடத்தும் திறன்) மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். 4ஐத் தாண்டினால் அது உவர் மண். "கிணறு உப்பாகிவிட்டது" என்ற வார்த்தையை விட, பண்ணைக்கு முன் 1.2, பின் 3.6 என்று இரண்டு அறிக்கைகள் இருந்தால் எந்த அதிகாரியும் ஒதுக்க முடியாது. பண்ணை போடுபவரும் இதே பரிசோதனையைச் செய்து வைப்பது நல்லது. ஏற்கெனவே உப்பாக இருந்த கிணற்றுக்குப் பழி வராமல் இருக்கும்.

2005 வழிகாட்டுதல்கள் வேளாண் நிலத்தைப் பண்ணையாக மாற்றக் கூடாது என்கின்றன. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டரும், 500 பேருக்கு மேல் வாழும் ஊரிலிருந்து 300 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்கின்றன. இயற்கையான வடிகாலை மறிக்கவும் கூடாது. ஆட்சேபம் எழுதுபவர் எந்த நிபந்தனை மீறப்படுகிறது என்று குறிப்பிட்டு எழுதினால் முடிவும் சீக்கிரம் வரும்.

காத்திருக்கும் காலத்தில் நிலத்தைச் சும்மா போடாதீர்கள்

நிலம் நெல்லுக்குத் தாங்கும் என்றால் உவர் தாங்கும் திருச்சி 3 போன்ற இரகத்தை ஒரு பருவம் போடலாம். மேட்டுப் பகுதியில் மழைநீர்க் குட்டை இருந்தால் நன்னீர்க் கெண்டை வளர்க்கலாம். எதைச் செய்தாலும் விண்ணப்பத்தில் காட்டிய வரைபடத்தை மாற்றும்படி குளம் வெட்டாதீர்கள். தணிக்கையில் முரண்பாடு வந்தால் கோப்பு மறுபடி முதல் மேசைக்கே திரும்பும்.

உங்கள் கோப்பில் இருக்க வேண்டியவை

1. விண்ணப்ப நகல், கட்டண ரசீது, ஒப்புகை.
2. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், பதிவான குத்தகைப் பத்திரம்.
3. உயர் அலைக் கோட்டிலிருந்து அளந்த தூரக் குறிப்பு.
4. மண், தண்ணீர் பரிசோதனை அறிக்கைகள், தேதியுடன்.
5. அனுப்பிய ஒவ்வொரு கடிதமும், வந்த ஒவ்வொரு பதிலும், உறையோடு.
6. ஒரு நோட்டில் நாள்வாரிக் குறிப்பு: எந்த நாள், எந்த அலுவலகம், எந்தப் பதவியில் உள்ளவர், என்ன சொன்னார்.

ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள், சான்றின் கடைசித் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். 5 ஆண்டு முடிய 6 மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். பதிவு காலாவதியான பண்ணையில் இறால் நிற்கும்போது தணிக்கை வந்தால், அப்போது மனு எழுத நேரம் இருக்காது.